தண்ணீர் தங்காத குன்றுகள்: தென் பிரான்ஸின் திராட்சை நாட்டில் ஏறப்போகிறவர்களுக்கு

தென் பிரான்ஸின் மோன்பெலியே நகரிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால், சமவெளியில் தனித்து எழுந்த ஒரு பாறைமுகடு தெரியும். பெயர் பிக் சான்-லூ. உயரம் 658 மீட்டர். மலையேற்றம் பழகியவர்கள் இந்த எண்ணைக் கேட்டதும் ஒரு பாட்டில் தண்ணீரோடு செருப்பில் கிளம்பிவிடுவார்கள். கோடையில் இறங்கி வரும்போது நாக்கு வறண்டிருக்கும், முழங்காலில் சிராய்ப்பு இருக்கும். லாங்க்டோக் பகுதியின் சிறு குன்றுகளில் நேரும் சிக்கல்கள் பெரும்பாலும் உயரத்தால் வருவதில்லை. கல்லாலும் வெயிலாலும் வருகின்றன. அந்தக் கல்லும் வெயிலும்தான் அடிவாரத்தில் நல்ல ஒயினையும் தருகின்றன. ஆகவே ஏறப்போகிறவர் முதலில் பாறையைப் புரிந்துகொள்வது நல்லது.

பிக் சான்-லூவும் அதற்கு வடக்கே எதிரில் நிற்கும் ஓர்த்துஸ் முகடும் சுண்ணாம்புக்கல். முதலாவது ஜுராசிக் காலத்தது, இரண்டாவது அதற்குப் பிந்திய கிரிட்டேசியஸ் காலத்தது. பைரனீஸ் மலைத்தொடர் எழும்பிய காலத்தில் இந்தப் பக்கத்துப் படிவுகளும் நெருக்கப்பட்டு மடிந்தன. கடினமான சுண்ணாம்புப் படிவுகள் முகடுகளாக நின்றுவிட்டன. நடுவில் இருந்த மென்மையான சுண்ணக்களிமண் அரித்துப் போய்ப் பள்ளத்தாக்கானது. முகடுகளிலிருந்து உதிர்ந்த சரளை அந்தக் களிமண்ணின் ஓரங்களில் வந்து படிந்தது. திராட்சைக்கொடி நிற்பது அங்கேதான். மேலே சரளை நீரை வடிக்கிறது, கீழே களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, வேர் இரண்டுக்கும் நடுவே ஆழமாக இறங்குகிறது. இரவில் வடக்கே செவென் மலைப்பக்கமிருந்து குளிர்காற்று இறங்குவதால் பழத்தின் புளிப்பு குறையாமல் நிற்கிறது. சிரா, கிரெனாஷ், மூர்வெத்ர் ஆகிய சிவப்பு வகைகள் இங்கே பேர் வாங்கியது இப்படித்தான். நம் புவிசார் குறியீட்டைப் போன்ற ‘ஏஓசி’ தகுதி பிக் சான்-லூ ஒயினுக்குத் தனிப்பெயரில் 2017இல் கிடைத்தது.

அடிவாரத்தில் இப்படி ஈரம் இருக்க, முகட்டில் ஒரு சொட்டு நிற்பதில்லை. இங்கே மழை குறைவு என்று சொல்ல முடியாது. பெய்வது எல்லாம் பாறை வெடிப்புகளுக்குள் போய்விடுகிறது. அப்படி இறங்கிய நீர் தெற்கே பல கிலோமீட்டர் தள்ளி லேஸ் ஆற்றின் ஊற்றாக வெளிவருகிறது. மோன்பெலியே நகரின் குடிநீரில் பெரும்பங்கு அந்த நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. குன்றில் பெய்த மழையை நகரம் குடிக்கிறது, குன்றின்மேல் நிற்பவருக்கு ஒரு வாய் கிடையாது. வரைபடத்தில் நீலக்கோடாக வரைந்திருக்கும் ஓடைகளையும் நம்ப வேண்டாம். ஆண்டில் பெரும்பகுதி அவை வெறும் கல்படுகைகள்.

சிறு குன்றில் ஏன் இவ்வளவு தூரம் தெரிகிறது

தடையில்லாத இடத்தில் நிற்கும்போது, உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கடல் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். பிக் சான்-லூவுக்கு 92. நார்போன் அருகே லா கிளாப் குன்றுத்தொகுதியின் உச்சியான பெஷ் ரெடோன் வெறும் 214 மீட்டர்தான், அதற்கும் 52 வருகிறது. உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் தூரம் 1.4 மடங்குதான் கூடும். முதல் இருநூறு மீட்டரிலேயே பார்வையின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு நூறு மீட்டரும் குறைவாகவே தருகிறது. இந்தக் கடற்கரையில் சமவெளி கடல் மட்டத்தை ஒட்டியே தொடங்குவதால் 200 மீட்டர் குன்று முழு 200 மீட்டராக நிற்கிறது. மேட்டுநிலத்தின் நடுவே இருக்கும் 1,000 மீட்டர் முகட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எதிர்முனையும் உயரமாக இருந்தால் இரண்டின் அடிவானத் தூரங்களும் கூட்டப்படும். அதனால்தான் பிக் சான்-லூவிலிருந்து தெளிவான நாளில் கிழக்கே 1,910 மீட்டர் வாந்தூ மலையும், தென்மேற்கே 2,784 மீட்டர் கனிகூ மலையும் தெரிகின்றன. இதே கனிகூவை ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்கு அப்பால் மார்சேய் நகரத்தின் குன்றிலிருந்தும் பார்க்கலாம். ஆனால் பிப்ரவரித் தொடக்கத்திலும் அக்டோபர் இறுதியிலும் சூரியன் சரியாக அதன் பின்னால் மறையும் சில மாலைகளில் மட்டும், கருநிழலாக.

தெளிவைத் தீர்மானிப்பது காற்று. நார்போன் பக்கம் வடமேற்கிலிருந்து வீசும் த்ராமோந்தானும், ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்திராலும் உலர்ந்தவை, புழுதியையும் ஈரத்தையும் கடலுக்குத் தள்ளிவிடும். கடலிலிருந்து வீசும் ‘மாரின்’ காற்று ஈரம் கொண்டுவரும். அன்று வானம் வெண்மையாகி அடிவானம் அழிந்துவிடும். காட்சிக்காகவே ஏறுகிறவர் காற்று அடித்து ஓய்ந்த மறுநாளைத் தேர்ந்தெடுக்கலாம். காற்று அடிக்கும் நாளிலேயே போனால் காட்சி இன்னும் கூர்மையாக இருக்கும், முகட்டில் நிற்கத்தான் முடியாது.

காஸ்வியெய் வழி

பிக் சான்-லூவுக்குப் பெரும்பாலோர் தெற்குச் சரிவில் உள்ள காஸ்வியெய் என்ற சிற்றூரிலிருந்து ஏறுகிறார்கள். போய்வர ஆறேழு கிலோமீட்டர். செங்குத்து ஏற்றம் சுமார் 370 மீட்டர். நேரத்தைக் கணக்கிட ஆல்ப்ஸ் பகுதியில் பழகிய முறையொன்று உண்டு. சமதூரத்துக்கு மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், இறக்கத்துக்கு 400 முதல் 500 மீட்டர் என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, பெரிய எண்ணோடு சிறியதில் பாதியைச் சேர்க்க வேண்டும். ஏற 3 கிலோமீட்டர் என்றால் 45 நிமிடம், 370 மீட்டர் ஏற்றத்துக்கு 74 நிமிடம். ஆக 74உம் 22உம் சேர்த்து ஒன்றரை மணிக்குச் சற்று மேல். இறங்க ஒன்றேகால் மணி. மேலே அரை மணி உட்கார்ந்தால் மொத்தம் மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். நல்ல நடைக்காரர் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுவார். குழந்தைகளோடு போகிறவர் இந்தக் கணக்கையே பிடித்துக்கொள்ளட்டும்.

தொடக்கத்தில் பாதை அகலமான கல்வழி. பிறகு ஓக் மரநிழலில் குறுகி, கடைசிப் பகுதியில் வெறும் பாறையில் வளைந்து வளைந்து ஏறும். வழுக்குவது இங்கேதான், அதுவும் இறங்கும்போது. எத்தனையோ பேரின் காலடி பட்டு இந்தச் சுண்ணாம்புக்கல் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போதே வழுக்கும், மழைக்குப் பின் அதில் இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை. தேய்ந்த பாறையின்மேல் உருண்டைச் சரளை கிடந்தால் இன்னும் மோசம். உடல் தானாகப் பின்னுக்குச் சாய்ந்து குதிகாலை ஊன்றும், குதிகால் சறுக்கும், கை பின்னால் ஊன்றும், மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும். முழங்காலைச் சற்று மடக்கி, எடையை முன்பாதத்துக்கு மேலே வைத்து, அடியைச் சிறிதாக்கிப் பாதம் முழுவதும் படும்படி வைத்தால் இந்தச் சங்கிலியே தொடங்காது. பளபளக்கும் நடுவழியை விட்டு விளிம்பில் சொரசொரப்பாக இருக்கும் கல்லில் கால் வைக்கலாம். ஆனால் பாதையைவிட்டு வெளியேறிப் புதுவழி உண்டாக்கக் கூடாது. இங்கே மண் ஒரு விரற்கடைதான். ஒரு குறுக்குவழி உண்டானால் அடுத்த பெருமழையில் அது ஓடையாகிவிடும்.

கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ் கட்டாயமில்லை. பிடிப்புள்ள மென்மையான ரப்பர் அடிப்பாகமே முக்கியம். கடினமான பிளாஸ்டிக் போன்ற அடிப்பாகம் கொண்ட மலிவான ஷூ தேய்ந்த கல்லில் கண்ணாடிமேல் நிற்பதுபோல் ஆகிவிடும். ஊன்றுகோலின் உலோக முனை பாறையில் சறுக்கும், ரப்பர் மூடியைப் போட்டுக்கொள்ளவும். கோடையிலும் முழுக்கால்சட்டைதான் நல்லது. ‘காரிக்’ எனப்படும் இந்தப் புதர்க்காட்டில் ரோஸ்மேரி, தைம், ஜூனிப்பரோடு முள்விளிம்பு இலை கொண்ட குட்டை ஓக்கும் நிறைய உண்டு. அரைக்கால்சட்டையோடு போகிறவரின் கெண்டைக்காலில் அது கோடு போட்டு அனுப்பும். உண்ணிகளும் இந்தப் புதர்களில்தான். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

உச்சியில் ஒரு சிலுவையும் சிறு தேவாலயமும் உண்டு. தெற்கிலிருந்து சரிவாக ஏறி வந்தவர் மறுபக்கமும் அப்படியே இருக்கும் என்று எண்ணி நடந்துவிடக் கூடாது. வடக்கே தரை சட்டென்று முடிந்து செங்குத்தாக விழுகிறது. தடுப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். த்ராமோந்தான் அடிக்கும் நாளில் காற்று சீராக வீசாமல் விட்டுவிட்டு இடிக்கும், அதில் சாய்ந்து நிற்கப் பழகியவர் காற்று நின்ற கணத்தில் முன்னால் தடுமாறுவார். விளிம்பிலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதே போதும். எதிரே ஓர்த்துஸ் மதில், நடுவே பள்ளத்தாக்கில் கொடிகளின் வரிசைகள். அந்த ஓர்த்துஸ் குகையொன்றில் நியாண்டர்தால் மனிதர்களின் எலும்புகள் கிடைத்தன. அதே மதிலில் பொனெல்லி கழுகு கூடு கட்டுகிறது. பிரான்ஸில் மிகச் சில இணைகளே எஞ்சியிருக்கும் பறவை அது. ஜனவரி முதல் ஜூன் வரை அதன் கூட்டுக்காலம், டிரோன் பறக்கவிடும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

வழிக்குறிகள் எளிமையானவை. பாறையிலோ மரத்திலோ மஞ்சள் பட்டை என்றால் உள்ளூர் நடைபாதை, வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தால் நெடுந்தூரப் பாதை, மஞ்சளும் சிவப்பும் என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை. பெருக்கல் குறி போல் இரு கோடுகள் குறுக்கிட்டால் அது உங்கள் வழியில்லை. காரிக்கில் ஆட்டுத்தடங்களும் பன்றித்தடங்களும் அசல் பாதை போலவே இருக்கும். பத்து நிமிடமாகக் குறி எதுவும் கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிப் போவதே குறுக்குவழி.

கடிகாரமும் வெயிலும்

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று. கோடைக்காலக் கடிகாரத்தில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் பன்னிரண்டுக்கு அல்ல, ஏறத்தாழ ஒன்றே முக்காலுக்கு. பகலின் உச்ச வெப்பம் மாலை நான்கு, ஐந்து மணிக்கு. ‘வெயில் தாழட்டும்’ என்று மூன்று மணிக்குக் கிளம்புகிறவர் அடுப்புக்குள் நேராக நடக்கிறார். ஜூன் இறுதியில் ஆறு மணிவாக்கில் விடிந்து ஒன்பதரை மணிவாக்கில்தான் பொழுது சாய்கிறது. ஆகவே விடியலில் ஏறிப் பத்து மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுவது நல்லது. டிசம்பரில் கணக்கு தலைகீழ், ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும்.

சென்னை வெயில் பழகிய உடம்புக்கும் இது புதிது. அங்கே வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். இங்கே உலர்காற்று அதை உடனே குடித்துவிடுவதால் நீர் போவதே தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் உறைக்கும். வசந்தத்தில் மூன்று மணி நேர நடைக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் இரண்டரை முதல் மூன்று லிட்டர், கூடவே உப்புள்ள தின்பண்டம். பாதித் தண்ணீர் தீர்ந்தும் உச்சி வரவில்லையென்றால் அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் கீழிருந்தும் வெளிச்சத்தை எறியும், தொப்பி மட்டும் போதாது, கறுப்புக்கண்ணாடி வேண்டும். 2019 ஜூன் 28 அன்று இதே எரோ மாவட்டத்தின் வெரார்க் ஊரில் வெப்பம் 46 டிகிரியைத் தொட்டது. பிரான்ஸ் கண்ட உச்சம் அது. அன்று திராட்சை இலைகளும் குலைகளும் தீயில் வாட்டியதுபோல் கருகின.

கொடி இருந்தால் தீ நிற்கும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறலாமா என்பதை முடிவு செய்வது உங்கள் கால்கள் அல்ல. கிழக்கே பூஷ்-து-ரோன், வார், வோக்லூஸ் மாவட்டங்களில் காட்டுத்தொகுதி ஒவ்வொன்றுக்கும் மறுநாள் நுழையலாமா என்று நிறம் குறித்த வரைபடத்தை மாவட்ட நிர்வாகம் முதல் நாள் மாலையே வெளியிடுகிறது. லாங்க்டோக்கிலும் ஆபத்து மிகுந்த நாட்களில் தடை வரும். காட்டிலும் அதைச் சுற்றி 200 மீட்டருக்குள்ளும் நெருப்பு மூட்டக் கூடாது. காய்ந்த புல்லின்மேல் காரை நிறுத்துவதும் தீக்கு வழிதான், சைலன்சரின் சூடு போதும். புகை கண்டால் 112. மேல்நோக்கி ஓடக் கூடாது. தீ சரிவில் ஏறும்போதுதான் வேகமெடுக்கும்.

இந்தத் தீயைத் தடுப்பதில் திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. உழுது களையெடுத்த கொடிவரிசை இயல்பாகவே தீத்தடுப்புக் கோடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபைலாக்செரா என்ற பூச்சி வேரின் சாற்றை உறிஞ்சி பிரான்ஸின் கொடிகளை அழித்தது. 1868இல் அதை வேரில் கண்டறிந்தவர்களில் மோன்பெலியே பேராசிரியர் பிளான்ஷோனும் ஒருவர். பின்னர் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோது, விளைச்சல் கூடுதலான சமவெளிக்கே பலரும் போனார்கள். மேட்டின் படிக்கட்டு நிலங்கள் பல கைவிடப்பட்டன. பாதையோரப் புதருக்குள் சாந்தில்லாமல் அடுக்கிய கல்வரப்பும் குவிந்த கூரையுள்ள கல்குடிசையும் கண்ணில் பட்டால் அது அந்தக் காலத்து நிலமாக இருக்கலாம். அங்கே முதலில் புதர் வந்தது, பிறகு பைன் வந்தது. இரண்டுமே விறகு. 2025 ஆகஸ்ட் 5 அன்று நார்போனுக்குத் தென்மேற்கே உள்ள கோர்பியேர் குன்றுப் பகுதியில் ரிபோத் கிராமத்தருகே தொடங்கிய தீ 16,000 ஹெக்டேர் பரப்பைச் சுற்றி வளைத்தது. ஒயின் விற்காமல் அண்மை ஆண்டுகளில் கொடிகள் பிடுங்கப்பட்டதும் தீ பரவ ஒரு காரணம் என்று அங்குள்ள விவசாயிகள் சொன்னார்கள். குன்றின் மேலிருந்து பார்க்கையில் அது விளங்கும். எங்கே கொடிக்கட்டங்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவோ அங்கே காடு துண்டுபட்டிருக்கிறது.

மற்றக் குன்றுகள்

லா கிளாப் ஒருகாலத்தில் தீவு, ஓத் ஆற்றின் வண்டல் அதைக் கரையோடு சேர்த்தது. ஏற்றம் குறைவு. ஆனால் பைன் மிகுதி என்பதால் கோடையில் அடிக்கடி மூடப்படும், மார்ச்சும் ஏப்ரலும் நல்ல மாதங்கள். கடலில் மாண்ட மாலுமிகளின் நினைவுக்கற்கள் வரிசையாக நிற்கும் ஓசில் மாதா தேவாலயப் பாதை இங்கேதான். கோர்பியேரின் தெற்கு விளிம்பில் 728 மீட்டரில் கெரிபூஸ் கோட்டை பாறை நுனியில் நிற்கிறது. சீட்டு வாங்கும் இடத்திலிருந்து ஏற்றம் கால் மணிதான், காற்றுதான் எதிரி. இடிமழையிலும் கடுங்காற்றிலும் மூடிவிடுவார்கள். பிரான்ஸும் ஆரகோன் அரசும் செய்துகொண்ட 1258இன் கோர்பெய் உடன்படிக்கை முதல் 1659 வரை பிரான்ஸின் எல்லை இந்த முகட்டை ஒட்டியே ஓடியது. இவ்வளவு நல்ல காட்சிமுனை இங்கே இருப்பது தற்செயல் இல்லை, எதிரி வருவதைப் பார்க்கத்தான் கட்டினார்கள். ரோன் பக்கம் ஜிகொந்தாஸ் ஊருக்கு மேலே தாந்தெல் த மோன்மிராய் முகடுகள் செங்குத்தாக நிமிர்ந்த சுண்ணாம்புத் தகடுகள். உச்சி 730 மீட்டரை ஒட்டியது, சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டிவரும். ஊர் வடமேற்குச் சரிவில் இருப்பதால் காலையில் நிழல் நீடிக்கும், கோடையில் அது பெரிய உதவி. நடக்கவே முடியாதவருக்கு சேத் நகரின் சான்-கிளேர் குன்று இருக்கிறது. உச்சி வரை கார் போகும், கீழே தோ கடற்கழியின் சிப்பிப் பண்ணைகள் தெரியும்.

அறுவடை, வேட்டை, மழை

ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை அறுவடை. ஒற்றையடித் தார்ச்சாலைகளில் டிராக்டர்கள் ஓடும், வரப்பில் காரை நிறுத்தி வழியை மறித்தால் நல்ல வார்த்தை கிடைக்காது. செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை வேட்டைக்காலம், காட்டுப்பன்றிக்கு இன்னும் முன்பே தொடங்கிவிடும். பாதை வாயிலில் வேட்டை நடப்பதாகப் பலகை இருந்தால் வேறு குன்றைப் பாருங்கள். இல்லையென்றாலும் இந்த மாதங்களில் ஆரஞ்சு நிறச் சட்டை அல்லது தொப்பி போடுவது வழக்கம்.

இலையுதிர்காலத்தின் பெரிய ஆபத்து மழை. சூடேறிய கடலின் ஈரக்காற்று செவென் மலையில் மோதி ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிடும். காய்ந்துகிடந்த கல்படுகை ஒரு மணி நேரத்தில் ஆறாகும். பிரெஞ்சு வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள். வழியில் சாலைமேல் நீர் ஓடினால் காரை அதில் இறக்காதீர்கள்.

கொடிவரிசைக்குள் நடப்பது அடுத்தவர் வயலில் நடப்பதுதான். வசந்தத்திலிருந்து மருந்தும் தெளிப்பார்கள். இலையில் நீலப்பூச்சு தெரிந்தால் அது செம்புக் கலவை. தெளித்த மருந்தைப் பொறுத்து 6, 24 அல்லது 48 மணி நேரம் பண்ணை ஆட்களே உள்ளே போகக் கூடாது என்பது விதி. ஓரப்பாதையிலேயே நடங்கள், நாயைக் கயிற்றில் பிடியுங்கள், பழத்தைப் பறிக்காதீர்கள்.

ஒயின் சுவைப்பதை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு. பண்ணைகள் பலவும் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மூடியிருக்கும், ஞாயிறன்று திறக்காதவையும் உண்டு, முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது. சுவைத்துத் துப்ப ஒரு கலம் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துவதில் வெட்கமே தேவையில்லை. ஓட்டுநருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் எல்லை, புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2. வெயிலில் மூன்று மணி நேரம் நடந்து வந்த வெறும் வயிற்றில் இரண்டே கோப்பை முதல் எல்லையையும் தொட்டுவிடக்கூடும். இரண்டாவது எல்லைக்கு ஒரு கோப்பையே அதிகம்.